பின்னால நிண்டு கூப்பிடக்கூடாது

நீ போனில அம்மாவோட கதைச்சது கேட்டதாலதான் பிள்ளை இதில வந்து இருந்தனான். கோவிச்சுக்கொள்ளாத. பஸ் முழுக்க வெறும் சீற்றாக் கிடக்க, ஒரு கிழவன் வந்து எனக்குப் பக்கத்தில குந்துறானே எண்டு நினைச்சிருப்பாய். வேற ஒண்டுமில்லை, தமிழ்க் குரல் கேட்டுது. இரண்டு நாளா நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. இண்டைக்குப் பதினொரு மணிக்கு ஒரு வீட்டு வாசலில நிண்டு ஒரு கதை சொல்லோணும். அதுக்கு முதல் ஆரிட்டயாவது ஒருக்காச் சொல்லிப் பாத்தால் நல்லம் எண்டு மனம் சொல்லுது. நீ ஆஸ்பத்திரி ஸ்ரொப்பிலதானே இறங்கிறாய்? அம்மாவுக்குச் சொன்னாய், கேட்டது. அப்ப இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. காணும்.

என்ர பேர் சவிரிமுத்து. சவிரி எண்டுதான் சனம் சொல்லும். மயிலிட்டிக் கடற்கரை ஆள். ஊரில நான் மண்டாடி. மண்டாடி எண்டால் உனக்கு விளங்காது, நீ இஞ்ச வளந்த பிள்ளைபோல கிடக்கு. வள்ளத்தில ஆறு பேர் இருந்தாலும் மண்டாடி சொன்னதுதான் சொல்லு. வலையை இறக்கு எண்டால் இறக்கோணும், திருப்பு எண்டால் திருப்போணும். பதின்மூண்டு வயசில கடலுக்க இறங்கினவன் நான். காத்து மாறப்போகுதெண்டால் காது மடல் சொல்லும் எனக்கு. சும்மா புளுகேல்லை. ஊர்ச் சனத்தைக் கேட்டால் சொல்லும், ஊர்ச் சனம் இப்ப எங்க இருக்கெண்டுதான் தெரியாது.

போறது தங்கச்சி வீட்டை. புளோறா. எங்கட வீட்டில ஐஞ்சு பேர், இப்ப மிச்சம் அவளும் நானும்தான். அவளின்ர புருசன் எமில் செத்து இண்டைக்கு ஒரு வருசம், பூசை குடுக்கினம். அந்த ஒரு வருசமும் அவள் என்னோட கதைக்கேல்லை. போன் அடிச்சால் எடுக்கமாட்டாள். நத்தாருக்குக் கேக் கொண்டுபோனனான், கதவைத் திறக்கேல்லை. படியில வைச்சிட்டு வந்தனான். கூடப்பிறந்த தமையனை இப்பிடிச் செய்யிறது எந்த ஊர் நியாயம், நீ சொல்லு.

போன கிழமைதான் அவளின்ர மகள் போன் எடுத்தவள். மாமா பூசைக்கு வரட்டாம் எண்டாள். எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது பிள்ளை, பொய் சொல்லேல்லை. பேந்துதான் மிச்சத்தைச் சொன்னாள். வந்து முதல் வாசலில நிண்டு, அம்மாவுக்கு முன்னால, அண்டைக்கு அப்பா அங்கால போகேக்க நீங்கள் பாத்தனீங்களோ இல்லையோ எண்டு சொல்லோணுமாம். உள்ளதைச் சொன்னால் உள்ள வந்து, சாப்பிட்டு, கோயிலுக்கும் ஒண்டாப் போகலாமாம். இல்லாட்டி அப்பிடியே திரும்பிப் போகட்டாம், இனி அந்தப் படியை மிதிக்கக்கூடாதாம். எழுபத்தொரு வயசு எனக்கு. இனி நான் ஆரிட்டப் போறது?

எமிலைப் பற்றிச் சொல்லோணும். நல்லவன். நான் ஒருநாளும் அவனைக் கெட்டவன் எண்டு சொன்னதில்லை. ஆனால் அவன் கடற்கரை ஆள் இல்லை. உள்ளுக்க, தோட்டக் காணிப் பக்கத்து ஆள். ஊரில சங்கக்கடையில மனேச்சரா இருந்தவன். வெள்ளைச் சேட்டும் பேனையுமா இருப்பான். புளோறா அரிசி வாங்கப் போய்ப் போய் அவனைப் பிடிச்சிட்டாள். கலியாணம் முடிஞ்ச புதுசில, மச்சான், என்னையும் ஒருநாள் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டான். கூட்டிக்கொண்டு போனனான். கரை மறைய முதல் சத்தி எடுக்கத் துவங்கினவன், திரும்பி வரும்வரைக்கும் வள்ளத்து விளிம்பைக் கட்டிப்பிடிச்சபடி. என்ர வள்ளத்துப் பெடியள் சிரிச்ச சிரிப்பு இருக்கே. நானும் சிரிச்சனான்தான். அவனும் சிரிச்சான், அவனுக்குக் கோவம் வாறேல்லை. அதுதான் அவனில எனக்குப் பிடிக்காத ஒண்டு.

இஞ்ச வந்தாப்பிறகு எல்லாம் தலைகீழாப் போச்சு. அவனுக்கு இங்கிலீசு வந்தது, நல்ல வேலை கிடைச்சுது, ஏரிக்குப் பக்கத்தில வீடு வாங்கினான். நான் ஸ்காபரோவில ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவினன், இருபத்திரண்டு வருசம். கடல் எண்டு ஒண்டு இந்த ஊரில இல்லை. மனுசி செத்தாப்பிறகு வீட்டில சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்பதான் எமில் வந்து சொன்னான், மச்சான், மாரியில இந்த ஏரி கல்லா இறுகும், மேல நடந்துபோய் துளை போட்டு மீன் பிடிக்கிறாங்கள், வாங்கோ, உங்கட தொழில்தானே எண்டு. எனக்காகத்தான் துவங்கினவனாம். புளோறா அப்பிடித்தான் எல்லாருக்கும் சொன்னவள். எனக்கென்னவோ அவனுக்குத்தான் ஆசை எண்டு நினைக்கிறன்.

முதல் நாள் போன நேரம் நான் சிலுவை போட்டுட்டுத்தான் காலை வைச்சனான். தண்ணிக்கு மேல நடக்கிறது. வள்ளம் இல்லை, துடுப்பு இல்லை, தளம்பல் இல்லை. காலுக்குக் கீழ பத்துப் பாகம், பத்து ஆள் உயரம், தண்ணி எண்டு தெரியும், ஆனால் காலுக்குத் தெரியேல்லை. எமில் ஒரு பிளாஸ்ரிக் தொட்டியில சாமானை ஏத்திக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு முன்னால போறான், தார் றோட்டில போறமாதிரி. ஐஸைத் துளைக்கிற மெசின் ஒண்டு, மடிச்சு விரிக்கிற சின்ன டென்ற் ஒண்டு, அதுக்குள்ள ஹீற்றர். மீன் எங்க நிக்குதெண்டு ரீவியில காட்டுற பெட்டி ஒண்டும் வாங்கி வைச்சிருந்தான். நான் சொன்னனான், இதுக்குப் பேர் தொழிலே இல்லை எண்டு. அவன் சிரிச்சான்.

அங்க படுறது ஒரு வெள்ளை மீன். உடம்பு வெள்ளி, வாய் சின்னன், குழந்தைப்பிள்ளையின்ர வாய் அளவுதான். ஏரியின்ர அடியில மணலோட திரியும். பிடிக்கிறது மகா கரைச்சல். கடல் மீன் எண்டால் கொத்தி இழுக்கும், கை அறியும். இது இழுக்காது. இரையை மெல்ல எடுத்துக்கொண்டு மேல எழும்பும், நூல் லேசாத் தளரும், அவ்வளவுதான். அந்தத் தளர்ச்சியைக் கண்டு, மெதுவா, மிச்சம் மெதுவாத் தூக்கோணும். நான் இழுக்கிற இழுவைக்கு அதின்ர சொண்டு கிழிஞ்சு போகும். ஒரு மாரி முழுக்க எனக்கு மேல வந்தது வெறும் தூண்டில். எமிலுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான் சட்டம், இல்லாட்டி அவன் இருபது பிடிச்சிருப்பான்.

பொறுங்கோ மச்சான், நூல் தளரும்வரைக்கும் பொறுங்கோ எண்டு பக்கத்தில இருந்து சொல்லிக்கொண்டே இருப்பான். சங்கக்கடை மனேச்சர் எனக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தாறான். சரி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். சத்தியமா எனக்கு அதில ஒரு எரிச்சலும் இல்லை.

அவன் சாக முதல் வந்த ஞாயிற்றுக்கிழமை புளோறா வீட்டில சாப்பாடு. ஆக்கள் பத்துப் பன்ரண்டு பேர் வந்திருந்தவை. வெள்ளை மீனைத் தேங்காய்ப்பால் விட்டு, மாங்காய் போட்டுக் காய்ச்சியிருந்தாள். எல்லாரும் எமில் பிடிச்ச மீன், எமில் பிடிச்ச மீன் எண்டு சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிடுகினம். ஒருத்தன் என்னைப் பாத்துக் கேக்கிறான், என்ன மண்டாடியார், உங்களுக்கு ஒண்டும் படேல்லையோ எண்டு. நான் ஒண்டும் சொல்ல முதல் என்ர தங்கச்சி, நான் தோளில தூக்கி வளத்தவள், குசினிக்குள்ள இருந்து சொல்லுறாள், "அண்ணைக்கு உப்புத்தண்ணிதான் சரி, நல்லதண்ணியில மீன் அவரை மதிக்காது" எண்டு. எல்லாரும் சிரிச்சினம். எமில் மட்டும் சிரிக்கேல்லை. என்ர கோப்பையில இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டான். அந்தத் துண்டை விழுங்க ஏலாமல் நான் பட்ட பாடு ஆருக்கும் தெரியாது. பகிடிதானே, நான் அதை மனசில வைச்சிருக்கேல்லை.

அதுக்கு அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது.

அதுக்கு முதல் உனக்கு ஒண்டு சொல்லோணும், இது முக்கியம், இதைத்தான் நான் புளோறாவுக்கும் சொல்லப்போறன். எங்கட கரையில ஒரு கட்டுப்பாடு இருக்கு. தொழிலுக்கு வெளிக்கிட்டவனைப் பின்னால நிண்டு கூப்பிடக்கூடாது. எங்க போறாய் எண்டு கேக்கக்கூடாது. பேர் சொல்லிக் கத்தக்கூடாது. கூப்பிட்டால் அண்டைக்குத் தொழில் இல்லை, சில நேரம் ஆளும் இல்லை. எங்கட அப்பு கடலுக்கு வெளிக்கிடேக்க வெத்திலைப் பெட்டியை விட்டுட்டுப் போனால், அம்மா அதை எடுத்துக்கொண்டு மணலில ஓடி, அவரைக் கடந்துபோய், முன்னால நிண்டுதான் நீட்டுவா. பின்னால நிண்டு வாய் திறக்கமாட்டா. அப்பிடி வளந்த ஆக்கள் நாங்கள். புளோறாவும் அந்த வீட்டுப் பிள்ளைதான், அவளுக்கு இது விளங்கும்.

சரி. அண்டைக்குக் காலமை நாங்கள் ஏரிக்கரைக்குப் போனம். அங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவன் இருக்கிறான், றொன் எண்டு பேர். இரைக்குச் சின்ன மீன் விக்கிறவன், எந்தப் பக்கம் போகலாம் போகக்கூடாதெண்டும் அவன்தான் சொல்லுவான். எமில் கக்கூசுக்குப் போன நேரம் அந்தக் கிழவன் என்னட்ட வந்து என்னவோ சொன்னவன். அவன் சொல்லை மெண்டு மெண்டு கதைக்கிறவன், எனக்கு எங்க விளங்கப்போகுது. முதல் நாள் பெரிய காத்து அடிச்சதெண்டும், ஐஸ் வெடிச்சிருக்கெண்டும், அதுக்கு மேல ஸ்னோ மூடிக்கிடக்கு, கண்ணுக்குத் தெரியாதெண்டும் சொன்னான். இரண்டு கையையும் விரிச்சு வெடிப்பு இவ்வளவு அகலம் எண்டு காட்டினான். ஐஸில வரிசையாக் குத்தி வைச்சிருக்கிற நத்தார் மரங்களைக் காட்டி, அதுக்கு அங்கால போகக்கூடாது, உன்ர சினேகிதனுக்கும் சொல்லு எண்டான். அவ்வளவுதான். மிச்சம் எனக்கு விளங்கேல்லை.

எமில் வந்தான். வரேக்க காரில இருந்து இரண்டு கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். கையில பிடிக்கிற அளவு கட்டை, ஒவ்வொண்டின்ர நுனியிலயும் ஒரு ஆணி. தண்ணிக்குள்ள விழுந்தால் அதால ஐஸில குத்தி மேல ஏறலாமாம். எனக்கும் வாங்கச் சொல்லி அவன் நூறு தரம் சொன்னவன், நான் வாங்கேல்லை, மண்டாடிக்கு என்னத்துக்கு உது எண்டு. அவன்ர கட்டை இரண்டும் ஒரு சிவப்புக் கம்பளி நூலில கோத்திருக்கும், புளோறா பின்னிக் குடுத்த நூல். அண்டைக்கு அதைக் கொண்டுவந்து என்ர கழுத்தில மாட்டிவிட்டான், மாட்டுக்கு மணி கட்டினமாதிரி. எனக்கு வேண்டாம் எண்டனான். இருக்கட்டும் மச்சான், உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் புளோறாவுக்கு என்ன சொல்லுறது எண்டான். அதையும் பகிடியாத்தான் சொன்னான் எண்டு நினைக்கிறன்.

என்ர மடியில இருக்கிற இந்தப் பைக்குள்ள கிடக்கிறது அந்தக் கட்டையள்தான். புளோறாவிட்டக் குடுப்பம் எண்டு கொண்டுபோறன்.

டென்ற்றை விரிச்சம், துளை போட்டம், இருந்தம். ஒன்பது மணி, பத்து மணி, ஒண்டும் படேல்லை. எமில் அவன்ர பெட்டியைப் பாத்தான், மீன் இதில இல்லை மச்சான், அந்த மரங்களுக்கு அங்காலதான் மணல் அடி, அங்க நிக்கும், நான் போய் ஒரு துளை போட்டுப் பாக்கிறன், கண்டால் உங்களைக் கூப்பிடுறன் எண்டான். என்னைக் கூப்பிடுறானாம். அவன் மீனைக் கண்டு எனக்குக் காட்டப்போறானாம்.

நான் ஒண்டும் பேசேல்லை. தொட்டியையும் மெசினையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். நான் டென்ற் வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவன் மரங்களுக்குக் கிட்டப் போறான். மரங்களைக் கடக்கிறான். நான் நிக்கிறன். வாய் திறக்கேல்லை, ஏன் திறக்கேல்லை எண்டால் அதுதான் சொன்னனே, தொழிலுக்குப் போறவனைப் பின்னால நிண்டு கூப்பிடக்கூடாது. எழுபது வருசப் பழக்கம் அது, வாயைக் கட்டிப்போட்டுது. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிராது பிள்ளை, எதிர்க்காத்து. நான் அங்க நிண்டு அவன்ர சப்பாத்து ஸ்னோவில நறுக் நறுக்கெண்டு போறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனே தவிர வேற ஒண்டும் செய்ய ஏலாது. அப்பிடியொரு அமைதி, ஒரு காகம்கூட இல்லை.

என்ன கேக்கிறாய்? ஏன் அம்மா மாதிரி ஓடிப்போய் முன்னால நிக்கேல்லையோ? நல்ல கேள்விதான். எனக்கு முழங்கால் நோ பிள்ளை. ஸ்னோவுக்க ஓட ஏலுமே? அவன் வேற கெதியா நடக்கிறவன். ஓ, தொட்டியை இழுத்துக்கொண்டுதான் போனவன், அது பாரம்தான், மெல்லத்தான் போனான். ஆனாலும் முழங்கால் நோ.

பேந்து நான் உள்ள வந்து இருந்து தூண்டிலைப் பிடிச்சன். கொஞ்ச நேரம்தான், ஐஞ்சு நிமிசம் இருக்கும். நூல் தளந்துது. நான் வழக்கம்போல இழுக்கேல்லை. எப்பிடியோ அண்டைக்குக் கை தானாப் பொறுத்துது. மெதுவா, மெதுவாத் தூக்கினன். பாரம் தெரியுது. தலை ஆட்டுது. துளைக்குள்ளால ஒரு வெள்ளை வந்து மேல விழுந்துது பிள்ளை, என்ர முழங்கை நீளம். எமில் பிடிச்சது எதுவும் அந்த அளவு இல்லை. எழும்பி மீனைத் தூக்கிக்கொண்டு டென்ற்றுக்கு வெளியால ஓடினன், ஓடி வந்து உரத்துக் கத்தினன், எமில், இஞ்ச பார், மச்சான், இஞ்ச திரும்பிப் பார் எண்டு.

ஒருத்தரும் இல்லை. வெள்ளையாக் கிடக்கு. மரங்களுக்கு அங்கால தொட்டி மட்டும் சரிஞ்சு நிக்குது.

பொறு, நீ கேக்கப்போறது தெரியும், முகத்தில தெரியுது. அப்ப மட்டும் கூப்பிட்டனியளோ எண்டு. அது வேற பிள்ளை. அது மீன் பட்ட சந்தோசம். அவன் அப்ப போறவன் இல்லை, போய்ச் சேந்தவன். போய்ச் சேந்தவனைக் கூப்பிடலாம், அதில குற்றம் இல்லை.

நான் போனனான். போகாமல் விடேல்லை. மரங்கள்வரைக்கும் போனனான். அதுக்கு அங்கால ஒரு கறுப்புத் தண்ணி, நீட்டுக்கு. விளிம்பில அவன்ர ஒரு கிளவ்ஸ் கிடந்தது. விளிம்பு முழுக்க நகத்தால விறாண்டின அடையாளம். என்ர கழுத்தில அந்தக் கட்டை இரண்டும் தொங்குது. நான் அதைக் கையில எடுத்தன், எடுத்து என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டன். கூப்பிட்டன், கூப்பிட்டன், தொண்டை கிழியக் கூப்பிட்டன். றொன் கரையில இருந்து ஓடி வந்தான், பாதித் தூரம் வரேக்கயே தலையில கைவைச்சிட்டான். தண்ணிக்குள்ள இறங்கித் தேடுறவங்கள் வந்து அவனை எடுக்கேக்க மத்தியானமாப் போச்சு. கரையில இருந்து நானூறு மீற்றர்கூட இல்லை. ஊரில எத்தினை புயலுக்க ஆக்களைக் கரை சேத்தவன் நான்.

பொலிஸ் கேட்டது. போனில மொழிபெயர்க்கிற ஒரு பிள்ளை தமிழில கேட்டுச் சொன்னவள். அவர் அங்கால போகேக்க நீங்கள் பாத்தனீங்களோ எண்டு. நான் இல்லை எண்டனான். டென்ற்றுக்க இருந்தனான் எண்டனான். ஏன் அப்பிடிச் சொன்னனோ தெரியாது. பொலிசுக்கு எங்கட கட்டுப்பாட்டை எப்பிடி விளங்கப்படுத்துறது? பின்னால கூப்பிடக்கூடாது எண்டால் அவங்கள் என்னை விசரன் எண்டு நினைக்கமாட்டாங்களோ?

புளோறா வந்தாள். வீட்டுச் செருப்போட ஓடி வந்தவள், அந்தக் குளிருக்க. அவனைப் போத்தி வைச்சிருந்தாங்கள். அவள் அவனை முதல் பாக்கேல்லை பிள்ளை. என்ர கழுத்தைத்தான் பாத்தாள். சிவப்பு நூலைப் பாத்தாள். பேந்து கேட்டாள், சத்தம் போடாமல், மெல்ல.

"அண்ணை, அவர் அங்கால போகேக்க நீ பாத்தனியோ?"

இல்லை எண்டனான். பொலிசுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லிப்போட்டன். அவள் என்ர கழுத்தில கிடந்ததைத் தொடக்கூட இல்லை.

செத்தவீட்டுக்கு அந்த றொன் வந்திருக்கிறான். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு. அவன் போய் அவளின்ர மகளிட்ட, நான் அண்டைக்குக் காலமை மற்ற ஆளுக்கு எல்லாம் சொன்னனான், அவர் தலையாட்டினவர், நானே எமிலிட்டயும் சொல்லியிருக்கோணும் எண்டு அழுதிருக்கிறான். எனக்கு விளங்கேல்லை எண்டு அவனுக்கு என்னெண்டு தெரியும்? தலையாட்டினால் விளங்கினதெண்டு அர்த்தமோ? அண்டையில இருந்துதான் புளோறாவுக்கு என்னோட கதையில்லை. ஒரு வெள்ளைக்காரன்ர பேச்சை நம்பிக் கூடப்பிறந்தவனைத் தள்ளி வைச்சிட்டாள்.

அந்த மீனோ? ஏன் கேக்கிறாய்? கொண்டுவந்தனான். பொலிஸ் சாமானெல்லாம் தரேக்க அதையும் ஒரு பையில போட்டுத் தந்தாங்கள். இப்பவும் என்ர பிறீசரில கிடக்கு. சாப்பிடவும் ஏலாது, எறியவும் ஏலாது. கதவைத் திறக்கிற நேரமெல்லாம் முதல் அதுதான் கண்ணில படுது.

சரி, அப்ப நான் இப்பிடித்தான் சொல்லப்போறன், கேள். புளோறா, நான் உனக்குப் பொய் சொன்னனான். அவன் போகேக்க நான் பாத்தனான். ஆனால் தொழிலுக்குப் போறவனைப் பின்னால நிண்டு கூப்பிடக்கூடாது எண்டு அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது உனக்கும் தெரியும். அந்தப் பழக்கம் என்ர வாயைக் கட்டிப்போட்டுது. கூப்பிட்டால் அவனுக்குக் கூடாதெண்டு பயந்துதான் நான் பேசாமல் நிண்டனான், அவன்ர நன்மைக்குத்தான். இதுதான் உள்ளது. இப்பிடிச் சொன்னால் அவள் ஏற்றுக்கொள்ளமாட்டாளோ? அவளும் அந்த மணலில ஓடித் திரிஞ்சவள்தானே. பொய் எண்டு ஒரு சொல்லும் அதில இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

மணியை அடிச்சிட்டாய். ஓ, ஆஸ்பத்திரி வந்திட்டுது. பறவாயில்லை பிள்ளை, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு வந்ததே பெரிய காரியம். உன்ர வேலைக்குப் பிந்தப்போகுது. போயிட்டு வா. பாத்து இறங்கு, படி சறுக்கும்.

பிள்ளை! இஞ்ச, பிள்ளை! நில்! ட்ரைவர், வெயிற், வெயிற்! திரும்பிப் பார் பிள்ளை, கிளவ்ஸ்! சீற்றில விட்டுட்டுப் போறாய்!

இந்தா, பிடி. நல்லகாலம், கதவைப் பூட்ட முதல் கண்டனான். இந்தக் குளிருக்க வெறுங்கையோட போகாத, விரல் விறைச்சுப் போகும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறாய்?

ஓம். கூப்பிட்டனான்தான். பின்னால நிண்டுதான் கூப்பிட்டனான். நினைக்க முதல் வாயில வந்திட்டுது. பஸ்ஸில இருக்கிற நாலு சனமும் திரும்பிப் பாக்குது, அவ்வளவு சத்தம்.

அண்டைக்கும் வந்தது பிள்ளை. தொண்டையில வந்து நிண்டது. நான்தான் விழுங்கினனான். கால் நனையட்டும் எண்டு நினைச்சன். முழங்காலுக்குக் கீழ நனைஞ்சு, நடுங்கிக்கொண்டு என்னட்டத் திரும்பி வரட்டும், ஞாயிற்றுக்கிழமை புளோறாவுக்கு முன்னால நான் ஒருக்காச் சிரிக்கலாம் எண்டு நினைச்சன். கால்தான் பிள்ளை. வேற ஒண்டும் நினைக்கேல்லை.

போ, ட்ரைவர் பாத்துக்கொண்டிருக்கிறான். போகேக்க அவனிட்ட இங்கிலீசில ஒண்டு சொல்லிவிட்டுப் போ. அடுத்த ஸ்ரொப்பில, புளோறா வீட்டடியில, இந்தக் கிழவனை இறக்கிவிடச் சொல்லு. நானா மணி அடிக்கமாட்டன்.